பத்தியம் முறிக்கிற நாளை ஆர் சொல்லித் தாறது?

எங்கட கூட்டாளி ஒருத்தியின்ட கிளினிக் கொப்பிக்குள்ள ஒரு தாள் நாலா மடிச்சபடி கிடக்கு. ஆங்கிலத்தில் அச்சடிச்ச ஒரு துண்டை போட்டோகொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைத் திரும்ப போட்டோகொப்பி எடுத்து, கடைசியில எழுத்தெல்லாம் சாம்பல் பூத்துப்போன தாள். இடப்பக்கம் சாப்பிடக்கூடியவை, வலப்பக்கம் தவிர்க்க வேண்டியவை. தவிர்க்க வேண்டியதில் அஸ்பரகஸ், ஆர்ட்டிசோக், பிளாக்பெரி. சாப்பிடக்கூடியதில் புளூபெரி, கீன்வா, ஸ்பெல்ட் மாவில் செய்த புளிச்ச பாண். புட்டு இல்லை. இடியப்பம் இல்லை. சொதி, சம்பல், பருப்புக்கறி, உழுந்து வடை ஒண்டும் இல்லை.

ஹொஸ்டல் அறையில ஆறு பேர் சுத்தி இருந்து அதை வாசிச்சம். ஆறு பேரில ஒருத்தரும் அஸ்பரகஸைக் கண்ணால கண்டதில்லை. அதைத் தவிர்க்கிறது எங்களுக்குப் பெரிய கஷ்டமா இருக்கேல்லை.

அவளுக்கு ஒண்டரை வருசமா வயித்துக்குள்ள உளைவு. காலையில எழும்பின உடனே ரெண்டு மூண்டு தரம் ஓட வேணும், பிறகு நாலு நாளைக்கு ஒண்டும் இல்லை, பின்னேரமானால் வயிறு பொருமி உடுப்பு இறுகும். விரிவுரை மண்டபத்தில எப்பவும் கதவுக்குப் பக்கத்துக் கதிரை. ஊருக்குப் போற இரவு பஸ்ஸில ஏற முதல்நாளே சாப்பாட்டை நிப்பாட்டிப் போடுவாள். ஆஸ்பத்திரியில இரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, பாரதூரமா ஒண்டுமில்லை, இது ஐ.பி.எஸ் எண்டு சொன்னவை. "எண்ணெய், உறைப்பு, புளிப்பு குறையுங்கோ. கனக்க யோசிக்காதேங்கோ." அந்தத் தாளையும் குடுத்து, மூண்டு மாதம் கழிச்சு வரச் சொல்லிச்சினம். எல்லாமா மூண்டு நிமிசம் இருக்கும்.

அந்த மூண்டு மாதத்தில அவள் தனக்குத் தானே ஒரு பாடத்திட்டம் போட்டுக்கொண்டாள். முதல்ல மிளகாய்த்தூள் போச்சு. பிறகு தேங்காய்ப்பால். பிறகு மீன், பிறகு பருப்பு, பிறகு எல்லா மரக்கறியும். வயித்து நோவு வந்த நாளில என்ன சாப்பிட்டாளோ அது அடுத்த நாளே தடைப்பட்டியலில் ஏறும். கடைசியில மிஞ்சினது வெள்ளைச்சோறு, அவிச்ச உருளைக்கிழங்கு, பிளேன் ரீ. எட்டுக் கிலோ குறைஞ்சுது. ரெண்டு பாடம் சோதினைக்குப் போகாமல் விட்டாள். இதுக்குள்ள வீட்டுக்குப் போற நேரமெல்லாம் அம்மா அக்கறையா உள்ளிக்கஞ்சி காய்ச்சிக் குடுத்தவ, வாய்வுக்கு உள்ளி நல்லது எண்டு. எல்லாத்தையும் விட்டவள் அதை மட்டும் விடேல்லை. கன காலம் பிறகுதான் எங்களுக்கு விளங்கினது, அவளின்ட வயிறு ஏற்காத சாமான்களில் முதலாவது அந்த உள்ளிதான் எண்டு.

அவளுக்குப் பிழையான வைத்தியம் நடந்தது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். நடக்காமல் போனது கற்பித்தல். இந்த நோய்க்கு உணவு மாற்றம் என்பது மருந்துச் சீட்டின் அடியில் எழுதுகிற ஒரு வரி இல்லை, அது ஒரு பாடம். பாடம் என்றால் ஒழுங்குமுறை வேண்டும், உதாரணம் வேண்டும், படிப்பவருக்கு விளங்கினதா என்று திரும்பிக் கேட்க ஒருவர் வேண்டும். நாங்கள் மருத்துவபீடம் இல்லை, கலைப்பீடம். குடலைப்பற்றி எங்களுக்குத் தெரிந்தது வாசித்தறிந்தது மட்டும். ஆனால் நோட்ஸ் குடுக்கிறதுக்கும் படிப்பிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம், சத்தியமாச் சொல்லுறம், எங்களுக்கு நல்லாத் தெரியும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஐ.பி.எஸ் எண்டு போனில சொன்னபோது அவளின்ட அம்மா கேட்டது, "அது பொலிஸ் எல்லோ?" எண்டு. தமிழகத்துப் படங்களில் வாற ஐ.பி.எஸ்தான் எங்கட வீடுகளுக்குத் தெரிந்த ஐ.பி.எஸ். சரி, தமிழில் சொல்லுவம் என்றால் பாடப்புத்தகத் தமிழில் 'எரிச்சலுறு குடல் நோய்க்குறி' என்று இருக்கிறது. இது அதைவிட மோசம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் சட்டென்று சினந்துகொள்கிற குணத்தைக் குறிக்கிறது. தமிழில் வயிற்றோடு சேர்த்து 'எரிச்சல்' என்று சொன்னால் ஆருக்கும் முதலில் விளங்குவது நெஞ்செரிவு, வயித்தெரிவு, அதாவது நாங்கள் எல்லாத்துக்கும் பொதுவாகச் சொல்லுற 'காஸ்ரிக்'. எரிவு என்றால் காரணம் உறைப்பு, மருந்து பால். பெயரைக் கேட்டவுடனேயே நோயாளி பிழையான பாடத்தைப் படித்து முடித்துவிடுகிறார். டொக்டர் வேறு "உறைப்பு குறையுங்கோ" என்று சொன்னால் முத்திரை குத்தினது மாதிரி.

எங்கட அறையில நாங்கள் வைத்த பெயர் 'தொட்டாச்சுருங்கிக் குடல்'. விளையாட்டுக்கு வைத்ததுதான், ஆனால் அது நோயைச் சரியாச் சொல்லுது எண்டு இப்ப நம்புறம். தொட்டாச்சுருங்கிச் செடியில் ஒரு பழுதும் இல்லை. வெட்டிப் பார்த்தாலும் நோய் தெரியாது. மற்றச் செடிகள் கவனிக்காத தொடுகையை அது கவனிக்கும், அவ்வளவுதான். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஸ்கேனில் ஒண்டும் இல்லை. ஆனால் குடலின் நரம்புகளும் மூளையும் பேசிக்கொள்கிற வழியில் உணர்திறன் கூடிப்போயிருக்கிறது. மற்றவர்களுக்கு வெறும் காற்றாகப் போவது இவர்களுக்கு நோவாகத் தெரிகிறது. கன பேருக்கு ஒரு வயித்தோட்டம் அல்லது கிருமித்தொற்று வந்துபோன பிறகு இது தொடங்குகிறது. மனஅழுத்தம் கூட்டும். அதற்காக இது 'மனசுக்குள்ள இருக்கிற வருத்தம்' இல்லை. நோவு உண்மையான நோவு. ஸ்கேன் சரி என்று சொன்ன அதே வாயால் இந்தக் கடைசி வசனத்தையும் சொல்லாவிட்டால் நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு செய்தி: "உனக்கு ஒண்டுமில்லை, நீ நடிக்கிறாய்."

2016இல் வந்த நான்காவது ரோம் அளவுகோலின்படி, கடைசி மூன்று மாதத்தில் கிழமைக்குச் சராசரி ஒரு நாளாவது வயிற்று நோவு இருக்க வேண்டும். அந்த நோவு மலம் கழிப்பதோடோ, எத்தனை தரம் போகிறோம் என்பதன் மாற்றத்தோடோ, மலத்தின் தன்மை மாறுவதோடோ தொடர்புபட வேண்டும், இந்த மூன்றில் இரண்டாவது பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இதுக்குள் அடங்காத சில அறிகுறிகளும் இருக்கின்றன. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் நிறை குறைதல், இரத்தச்சோகை, நித்திரையில் இருந்து எழுப்புகிற வயித்தோட்டம், குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது. இவை இருந்தால் சாப்பாட்டோடு விளையாடாமல் திரும்ப டொக்டரிட்டப் போக வேண்டும். கூட்டாளியின் தாளில் இந்தப் பகுதி இருந்ததா என்று பார்த்தோம். இருந்திருக்கலாம். அடிப்பகுதி போட்டோகொப்பியில் வெட்டுப்பட்டுப் போச்சு.

இனி சாப்பாடு. டொக்டர் சொன்ன அந்த ஒரு வரி முழுக்கப் பிழையில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உறைப்பும் கொழுப்பும் சிலருக்கு உண்மையிலேயே கூட்டும். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியும் எளிய விசயங்களில் இருந்துதான் தொடங்குகிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஒரு நேரத்தை விடாதீர்கள், ஆறுதலாகச் சாப்பிடுங்கள், தண்ணீரைப் போதிய அளவு குடியுங்கள், தேத்தண்ணி கோப்பியை ஒரு நாளைக்கு மூன்று கோப்பைக்குள் நிப்பாட்டுங்கள், சோடாக்களைக் குறையுங்கள், பழம் ஒரு நாளைக்கு மூன்று பங்குக்கு மேல் வேண்டாம், தவிடு மாதிரிக் கரையாத நாரைக் கூட்டாதீர்கள், நார் தேவையென்றால் இசப்கோல் மாதிரிக் கரையும் நாரை எடுங்கள். சுவீடனில் 2015இல் 75 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்த மாதிரிப் பழைய அறிவுரையும் மற்றப் பகுதிக்கு 'ஃபொட்மாப்' குறைந்த உணவும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நல்ல குறைவு. அதாவது எளிய பாடத்தை ஒழுங்காகப் படிப்பித்தாலே பாதி வகுப்புப் பாஸ். அதைக்கூட எங்கட நாட்டில் 'எண்ணெய் உறைப்பு' என்று இரண்டு சொல்லாகச் சுருக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் எங்கட ஆத்திரம். நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடிக்கிற எங்கட கூட்டாளியிட்ட தேத்தண்ணியைப்பற்றி ஒருத்தரும் கேட்கேல்லை.

ஃபொட்மாப் என்பது அவுஸ்திரேலியாவில் பிறந்த சொல். பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் என்ற இருவர் 2005இல் அதை முன்வைத்தார்கள். பிறகு மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் உணவு உணவாக அளந்து பட்டியல் போட்டது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில வகைச் சர்க்கரைகள், சிறு மாச்சத்துகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும்போது காற்று உண்டாகிறது. எல்லாருடைய குடலிலும் இது நடக்கும். தொட்டாச்சுருங்கிக் குடலுக்கு மட்டும் அது தாங்காது. கோதுமை, வெங்காயம், உள்ளி, கடலை பயறு வகைகள், பாலில் உள்ள லக்டோஸ், தேன், கோலிஃபிளவர், காளான் எல்லாம் இதற்குள் வரும்.

இப்போது எங்கட அம்மம்மாவிடம் கேட்டால் இதைக் கேட்டுச் சிரிப்பா. பருப்பு வாய்வு, கடலை வாய்வு, கோவா வாய்வு என்பது அவவுக்கு மெல்பேர்ண் போகாமலே தெரியும். கடலையை இரவு ஊறப்போட்டு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு வேற தண்ணியில அவிப்பா. பயறு கடலையில் இருக்கிற அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும் என்பதால், ஊறப்போட்ட தண்ணியை ஊற்றிவிடுவது உண்மையிலேயே வேலை செய்கிற முறை. கற்பிக்கிறவர் இங்கே இருந்து தொடங்கினால் நோயாளிக்கு அரைவாசிப் பாடம் ஏற்கெனவே தெரியும். அம்மம்மா பிழைவிடுகிற இடம் உள்ளி. வாய்வுக்கு மருந்தாக அவ போடுகிற உள்ளியிலேயே வாய்வுச் சாமான் நிறைய இருக்கிறது. அதற்கும் வழி இருக்கு. உள்ளியில் உள்ள அந்தச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயைச் சூடாக்கி உள்ளியை முழுசாப் போட்டு, வாசம் இறங்கின பிறகு உள்ளியை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் சுவை இருக்கும், வில்லங்கம் இருக்காது. கறிக்குள் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்தால் சரிவராது, அதற்குள் குழம்பில் கரைந்துவிடும். லீக்ஸின் வெள்ளைப் பகுதியை விட்டுப் பச்சை இலையைப் போட்டால் வெங்காயத்தின் இடத்தைப் பாதியாவது நிரப்பும். இதெல்லாம் அடுப்படியில் அஞ்சு நிமிசத்தில் காட்டித் தரக்கூடியவை. தாளில் 'உள்ளி தவிர்க்கவும்' என்று மட்டும் இருந்தால், எங்கட ஊரில் ஒரு கறியும் மிஞ்சாது.

அரிசியை எடுங்கோ. சோறு, இடியப்பம், அரிசிமாப் புட்டு, பால் கலக்காத அரிசிக்கஞ்சி எல்லாம் ஃபொட்மாப் கணக்கில் சாதுவான சாப்பாடு. மீன், முட்டை, கோழியில் அந்தச் சர்க்கரைகளே இல்லை. கரட், கத்தரிக்காய், போஞ்சி அளவோடு பிரச்சினையில்லை. கோதுமைப் பாணும் பாஸ்தாவும் தின்று வளர்ந்த ஒருவருக்கு இந்த உணவு முறை பெரிய தண்டனை. எங்களுக்கு அதன் பாதி ஏற்கெனவே கோப்பையில் இருக்கிறது. இந்த நல்ல செய்தியை அந்தச் சாம்பல் தாள் எங்களுக்குச் சொல்லவே இல்லை. எங்கட கூட்டாளி பயந்து விட்ட சாப்பாட்டில் பாதிக்கு மேல் அவளுக்கு ஒண்டும் செய்யாத சாப்பாடு.

ஆனால் தாள் செய்த பெரிய பிழை அஸ்பரகஸ் இல்லை. முடிவு சொல்லாதது. ஃபொட்மாப் முறைக்கு மூன்று கட்டம் இருக்கு. முதல் கட்டத்தில் இரண்டு தொடக்கம் ஆறு கிழமை மட்டும் குறைக்க வேண்டும். இரண்டாவதில் ஒவ்வொரு வகையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு உணவை எடுத்து முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் வழமையான அளவு, பிறகு இடைவெளி விட்டு அடுத்த உணவு. மூன்றாவதில் உங்களுக்கு ஒத்துவராததை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சாப்பிட வேண்டும். முதற் கட்டத்திலேயே நின்றால் சத்துக் குறையும், குடலில் உள்ள நல்ல பக்டீரியாக்களும் குறையும், சாப்பாட்டில் பயம் கூடும். நைஸ் வழிகாட்டி இந்த விலக்கல் முறையை உணவு விசயத்தில் தேர்ச்சியுள்ள சுகாதாரப் பணியாளர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பதும் இதனால்தான். எங்கட ஊரில் தாள் கிடைப்பவருக்கு முதற் கட்டம் மட்டும் கிடைக்கிறது. பூட்டுக்குத் திறப்பில்லை.

இந்த இடத்தில்தான் எங்கட தமிழிலேயே ஒரு அருமையான சொல் சும்மா கிடக்குது என்று எங்களுக்குத் தோன்றியது. பத்தியம். பிள்ளை பெத்த பெண்ணுக்குப் பத்தியம், அம்மாள் வருத்தம் வந்த பிள்ளைக்குப் பத்தியம், நாட்டுவைத்தியர் எண்ணெய் கட்டினால் பத்தியம். எங்கட வீடுகளில் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கும் பத்தியம் என்றால் என்னவென்று தெரியும். அது கட்டுப்பாடானது, ஒரு காரணத்துக்கானது, முக்கியமாக அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. பத்தியம் முறிக்கிறது என்று ஒரு வினையே வைத்திருக்கிறோம். முறிக்கும்போதும் ஒரேயடியா எல்லாத்தையும் போட மாட்டார்கள், இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று பார்த்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ஃபொட்மாப்பின் முதற் கட்டமும் இரண்டாம் கட்டமும் இதுதானே! "இது ஆயுள் முழுக்க இல்லை அம்மா, நாலு கிழமைப் பத்தியம், பிறகு இன்ன திகதியில வந்து முறிப்பம்" என்று ஒரு டொக்டரோ மிஸ்ஸியோ சொன்னால் நோயாளிக்கும் விளங்கும், அவருக்குச் சமைக்கிறவருக்கும் விளங்கும்.

சமைக்கிறவர். இது தனியாகக் கதைக்க வேண்டிய விசயம். கிளினிக்கில் பாடம் கேட்பவரும் அடுப்படியில் நிற்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. ஹொஸ்டலில் இருக்கிற எங்களுக்குச் சமைக்கிறது கன்டீன். காலையில பாண், பருப்பு, வெங்காயம் இடிச்ச சம்பல், மத்தியானம் சோத்துப் பார்சல், இரவில் கொத்து. பார்சலுக்குள் இருக்கிற ஒவ்வொரு கறியிலும் உள்ளி வெங்காயம் இருக்கு. மகாபொல காசில் தனிச்சமையல் வைக்க ஏலாது. வீட்டில் தாயே நோயாளி என்றால் கதை வேற. எல்லாருக்கும் ஒரு கறி, தனக்கு ஒரு கறி என்று எந்த அம்மா சமைப்பா? பிள்ளையள் சாப்பிட்ட பிறகு மிஞ்சினதைச் சாப்பிடுறவவுக்கு 'நேரத்துக்குச் சாப்பிடுங்கோ' என்பது அறிவுரை இல்லை, பகிடி. உலகளவில் இந்த நோய் பெண்களில் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எங்கட குழுவில் ஒரு தோழன் ஹட்டன் பக்கம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "எங்க வீட்ல காலையில கோதும மா ரொட்டிதான், சம்பல்தான். எங்க அம்மா அத எடுத்துக்கிட்டுத்தான் மலைக்குப் போறாங்க. கோதும வேணாம்னா வேற என்ன இருக்கு? மலையில கக்கூசு இல்ல. வயித்தால போற நாள்ல வேலைக்கே போக மாட்டாங்க, அன்னைக்குச் சம்பளமும் இல்ல." தோட்டத்து வீட்டில் கோதுமை மா என்பது விருப்பத்தெரிவு இல்லை, விலையும் நேரமும் சேர்ந்து முடிவெடுத்த உணவு. 2022இல் மா விலை ஏறினபோது அதற்குப் பதிலாக அரிசிக்குப் போன வீடுகளைவிட அரைவயிற்றுக்குச் சாப்பிட்ட வீடுகளைத்தான் அவன் கண்டிருக்கிறான். அந்த அம்மாவுக்குக் கோதுமையைத் தவிர்க்கச் சொல்லுகிற தாளால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவவிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை ரொட்டி, சம்பலுக்கு எவ்வளவு வெங்காயம், ரெண்டில எதைக் கொஞ்சம் குறைக்கலாம்?" என்பதுதான். அளவுதான் இந்த உணவுமுறையின் அடிப்படை. ஒரு சாமான் கூடாது என்பதில்லை, இவ்வளவுக்கு மேல் கூடாது என்பதே சரியான பாடம். ஏழைக்குப் படிப்பிக்கும்போது மட்டும் அது எப்படியோ 'சாப்பிடாதே' என்று மாறிப்போகிறது.

மொழிக்கு வருவம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொன்னது. கிளினிக் மேசையில் அது இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் எங்கட கவலை மொழிபெயர்ப்போடு முடியவில்லை. இந்த நோயைப்பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் மலத்தைப்பற்றிக் கதைக்க வேண்டும். இருபத்தொரு வயதுப் பெட்டை, முன்னால் ஆம்பிளை டொக்டர், அவருக்குத் தமிழ் மட்டுமட்டு, பக்கத்தில் மொழிபெயர்க்க நிற்கிற ஊழியர், பின்னால் வரிசையில் ஊர்ச்சனம். அவள் 'வயித்துக்குத்து' என்று மட்டும் சொல்லுவாள். பொருமல், உளைவு, முழுசாப் போகாத மாதிரி இருக்கிறது, இதெல்லாம் தொண்டைக்குள் நிற்கும். பிரிஸ்டலில் 1997இல் உருவாக்கின ஒரு படத்தாள் இருக்கிறது, மலத்தின் ஏழு வகையும் படமாக. விரலால் தொட்டுக் காட்டினால் போதும், ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒன்றை வைக்க எவ்வளவு செலவாகும்?

எங்களிடம் ஆள் இல்லை, நேரமில்லை என்பார்கள். உண்மை. வெளிநோயாளர் வரிசையில் காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்து நின்றவர்கள் நாங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் களைப்பைக் கண்டிருக்கிறோம். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் கேட்கவில்லை. கேட்பது வகுப்பு. லண்டனில் இதே உணவுமுறையைத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தவர்களையும் குழுவாகச் சொல்லிக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2015இல் ஒரு ஆய்வு வந்தது. குழுவில் படித்தவர்களுக்கும் அதே அளவு சுகம், செலவு குறைவு. எங்கட நாட்டுக்கு இது புதுசும் இல்லை. கர்ப்பிணித் தாய்மாரைக் கூட்டி வைத்துக் குடும்பநல மாதுக்கள் வகுப்பெடுக்கிறார்கள். பிள்ளைக்கு ஆறு மாதத்தில் எதை மசிச்சுக் குடுக்கிறது, எவ்வளவு தண்ணியா, எவ்வளவு தடிப்பா என்பதை அவர்கள் கோப்பையும் கரண்டியும் வைத்துக் காட்டுகிறார்கள். எங்கட அம்மாமார் படித்தது அந்த வகுப்பில். கர்ப்பிணிக்கு முடியுமென்றால் குடல் நோயாளிக்கு ஏன் முடியாது? மாதத்தில் ஒரு நாள், பத்துப் பேர், சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, நடுவில் ஒரு சோத்துக் கோப்பை. அதில் எதை எடுக்கிறது, எதை மாத்திறது. வகுப்பு முடிய, "விளங்கினதா?" என்று கேட்கக் கூடாது. எல்லாரும் தலையாட்டுவார்கள், நாங்களும் விரிவுரையில் அதைத்தான் செய்கிறோம். "நாளைக்கு வீட்ட போய் என்ன சமைப்பீங்கள், சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லுகிற பதிலில்தான் எது விளங்கவில்லை என்பது தெரியும்.

வகுப்பு இல்லாத இடத்தில் யூடியூப் வகுப்பெடுக்கிறது. 'ஏழு நாளில் குடல் சுத்தம்' என்று தூள் விற்கிறவர்கள் அழகான தமிழில், எங்கட சாப்பாட்டின் பெயர் சொல்லி, நோயாளியை 'அக்கா' என்று கூப்பிட்டுக் கதைக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய், ஆனால் சொல்லும் முறை சரி. உண்மை தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் போட்டோகொப்பி குடுக்கிறார்கள்.

எங்கட கூட்டாளி கடைசியில் தனியார் இடம் ஒன்றில் ஒருக்காக் காசு கட்டி ஒரு உணவியலாளரைச் சந்தித்தாள். அறையில் எல்லாரும் சேர்த்துப் போட்ட காசு. நிறை குறைஞ்சது பசியாலதானா எண்டு முதல்ல டொக்டரிட்டத் திரும்பக் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டு வரச் சொன்னவ. பிறகு கேட்ட முதற் கேள்வி, "நேற்றுக் காலையில இருந்து இரவு வரைக்கும் என்ன சாப்பிட்டீங்கள், ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ." ஒண்டரை வருசத்தில் அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை என்று அவள் சொல்லி அழுதாள். நாலு கிழமைப் பத்தியம். பிறகு ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொன்றாக முறிப்பு. பால் பிரச்சினையில்லை. பருப்பு, ஊறவைத்துக் கழுவினால் ரெண்டு கரண்டி வரைக்கும் சரி. பாண் ரெண்டு துண்டு தாங்கும், நாலு தாங்காது. வெங்காயம் கொஞ்சம். உள்ளி இல்லவே இல்லை. மிளகாய்த்தூள் ஒண்டும் செய்யேல்லை! ஒரு வருசம் உறைப்பில்லாமல் சாப்பிட்டவள் அண்டைக்குக் கட்டாச் சம்பலோட சாப்பிட்டதை நாங்கள் ஆறு பேரும் இருந்து பார்த்தம்.

அந்தக் கொப்பியை வைத்து ஒரு தமிழ்த் தாள் தயாரித்திருக்கிறோம். கோப்பைப் படம், பத்தியம் தொடங்குகிற திகதிக்கும் முறிக்கிற திகதிக்கும் ரெண்டு வெற்றுக்கோடு, டொக்டரிட்டத் திரும்பப் போகவேண்டிய அறிகுறிகள் மேலே, வெட்டுப்படாத இடத்தில். மருத்துவபீடத்தில் படிக்கிற ஒரு அக்காவும் அந்த உணவியலாளரும் திருத்தித் தந்திருக்கிறார்கள். வருகிற கிளினிக் நாளில் அதை அவள் கொண்டுபோவாள், சுவரில் ஒட்டலாமா என்று கேட்பதற்கு.

அம்மாவுக்கு உள்ளி விசயத்தைப் போனில் விளங்கப்படுத்த மூண்டு நாள் எடுத்தது. இப்ப அவ எண்ணெயில பொரிச்சு எடுத்த உள்ளியைத் தம்பியின்ட கோப்பையில போடுறாவாம். அவன்தான் இப்ப கத்துறான்.